பிரிவியல்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் காண்டம்

பாயிரம்

அயல்நாடு போகிறவன் மனத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி வெள்ளைக்கார அறிஞர்கள் 300 ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1688-ல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இதைப் பற்றி ஓர் ஆய்வேடு கொடுத்தார். பேர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன் ஊர் நினைப்பில் படுத்த படுக்கையாகிவிட்டான். பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டியபின், ஊருக்கே கொண்டுபோங்கள் என்று அனுப்பினார்கள், வழியிலேயே தெளிந்துவிட்டான். பேர்னுக்கும் பாசெலுக்கும் உள்ள தூரம் ஆவடியிலிருந்து வேலூர் போவதைவிடக் குறைவு. அந்தத் தூரத்துக்கே ஒரு நோயும் ஒரு நூலும் உண்டென்றால் ஆவடியிலிருந்து அட்லாண்டா போனவனுக்கு எத்தனை நூல் வேண்டும்! ஒன்றுகூட எம் கண்ணில் படவில்லை. அந்தக் குறை தீர்க்க எழுந்தது இது.

நூலுக்கு எல்லை சொல்ல வேண்டும். கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி, வடக்கே புழல் ஏரி. அண்ணா நகர் இதில் சேராது. அவர்கள் வசதியானவர்கள், தனி நூல் எழுதிக்கொள்வார்கள். வழி, தொல்காப்பியர் வழி. பிரிவை வகைபிரித்து ஆராய்ந்தவரும், மனத்தில் உள்ளது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்று எட்டாக வகுத்தவரும் அவரே. கேட்போர் யார் எனில், மாலையில் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து "உங்க பையன் எங்க சார் இருக்கான்?" என்று கேட்பவரும் கேட்கப்படுபவரும்.

முதலும் கருவும்

ஆராயும் பொருளுக்கு முதலில் நிலமும் பொழுதும் சொல்ல வேண்டும் என்பது மரபு. எல்லையைச் சொன்னோமே தவிர நிலத்தின் இயல்பைச் சொல்லவில்லை. இது முழுக்க முழுக்க வந்து குடியேறியவர்களின் நிலம். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப், 1961-ல் ஆவடியில் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., 1960களில் விரிந்த அம்பத்தூர் எஸ்டேட் என ஒவ்வொன்றும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி ஆவடியில் உருண்டு வெளியே வந்தபோது அதற்கு நட்டு முடுக்கியவர்களில் பலர் டிரங்குப் பெட்டியோடு எழும்பூரில் வந்து இறங்கியவர்கள். மாதம் ஒரு மணியார்டர், வாரம் ஓர் இன்லண்ட் கடிதம், பொங்கலுக்குப் பஸ்ஸில் நின்றபடி ஊர்ப்பயணம் என்று அவர்கள் காலம் போயிற்று. அவர்கள் மனத்துக்கு என்ன ஆயிற்று என்று எந்த அறிஞரும் கேட்கவில்லை. நைட் ஷிப்டில் அப்படிப்பட்ட கேள்வி எழுவதில்லை.

இவர்களுடைய பிள்ளைகள்தாம் இப்போது அட்லாண்டாவில் இருக்கிறார்கள். அப்பா பெயர்ந்தது 600 கிலோமீட்டர். மகன் பெயர்ந்தது 14,000 கிலோமீட்டருக்கும் மேல். எனவே இந்த வட்டாரத்தில் புலப்பெயர்ச்சி என்பது இரண்டாம் தலைமுறைச் சொத்து என்க. "ஊரை விட்டுட்டுப் போறான்" என்று மகனைக் குறைசொல்லும் அப்பா, தாமும் ஓர் ஊரை விட்டுவிட்டு வந்தவர் என்பதை மறந்திருப்பார். மறக்காத அப்பாக்கள் குறைசொல்வதில்லை. அவர்கள் பேசாமல் இருப்பார்கள். அது இன்னும் மோசம்.

பொழுது இருவகைப்படும்: இங்கத்து மணி, அங்கத்து மணி. திருமுல்லைவாயில் பக்கம் சில வீடுகளில் கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்களைப் பார்க்கலாம். ஒன்று நகைக்கடையில் கொடுத்த பிள்ளையார் கடிகாரம். மற்றதன் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் நியூ ஜெர்சி என்றோ டல்லாஸ் என்றோ எழுதியிருக்காது. "சின்னவன்" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். நியூ ஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் பத்தரை ஆகும். அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திருமுல்லைவாயிலில் ஒரு மூதாட்டி ஆண்டுக்கு இரண்டு முறை ஸ்டூல்மேல் ஏறுகிறார். இது வாஷிங்டனுக்குத் தெரியாது. இந்த ஸ்டூலைப் பற்றிப் பின்னர்ச் சொல்வாம்.

கருப்பொருளைச் சுருங்கச் சொல்வோம். தெய்வம், மாங்காடு காமாட்சி: விசா நேர்காணலுக்கு முன் ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போக வேண்டும். உணவு, பருப்புப்பொடி, வடகம், மிளகாய் வற்றல். விலங்கு, இங்கே தெருநாய், அங்கே ராத்திரியில் காருக்குக் குறுக்கே பாயும் மான். பறை, வாட்ஸப் அழைப்பின் ஒலி. தொழில், 23 கிலோ பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, ஊறுகாயை எடுத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்து, ஊறுகாயை வைத்துவிட்டுச் சட்டையை எடுப்பது.

போவோர் இயல்

பிரிவுக்குக் காரணமாகப் படிப்பு, பகை, தூது, பொருள் முதலியவற்றைத் தொல்காப்பியம் சொல்கிறது. அமெரிக்கக் குடியேற்றத் துறை அதே பாகுபாட்டை எழுத்தும் எண்ணும் போட்டு வைத்திருக்கிறது. படிக்கப் போனால் எஃப்-1, பொருள் தேடப் போனால் எச்-1பி, தூது போனால் ஏ-1. பகையால் போனவனுக்குத் தஞ்ச வழக்கு. பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்பது தொல்காப்பியர் துணிபு. ஆகவே துணையாகப் போகிறவளின் எச்-4 விசாவுக்கு அவரிடம் நூற்பா கிடையாது. உரைகாரர்களான இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் கைவிட்டார்கள். அதை யாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மெய்ப்பாடுகள் எட்டு போவோர்க்கு ஒரு தனி வரிசையில் வருகின்றன. முதலில் வருவது பெருமிதம்; அது கிளம்புவதற்கு முன்பே, அதுவும் போகிறவனுக்கு அல்ல, அவன் சித்தப்பாவுக்கு வரும். டெம்போ டிராவலர் பிடித்துப் பதினைந்து பேர் மீனம்பாக்கம் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைப்பது இதன் புறக்குறி. அடுத்தது மருட்கை: ஹாரன் சத்தமில்லாத சாலை, யாரும் வெட்டாமல் தானே வெட்டிக்கொண்டதுபோல் இருக்கும் புல், தன்னுடையதல்லாத காரின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ. இதைத் தேனிலவுக் கட்டம் என்றார் கலெர்வோ ஓபர்க். 1954-ல் பிரேசிலில் ஓர் உரையில் அவர் இதை விளக்கினார். தேனிலவு முடிந்ததும் எரிச்சல், பிறகு தேறுதல், பிறகு பழகிப்போதல் என்பது அவர் கணக்கு. மறு ஆண்டே லிஸ்கோர் என்ற நார்வேக்காரர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் விசாரித்து, மனம் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறும் என்றார். நார்வேக்காரர்களுக்கு அப்படி இருக்கலாம். அம்பத்தூர்க்காரனுக்கு எச்-1பி புதுப்பிக்கும் மூன்றாம் ஆண்டுதோறும் ஒரு பள்ளம் உண்டு. லிஸ்கோர் விசாரித்தவர்கள் உதவித்தொகையில் போய் ஊர் திரும்பியவர்கள். லாட்டரியில் பெயர் விழுந்து போனவர்கள் அல்லர்.

ஜான் பெரி என்ற கனடா நாட்டு அறிஞரின் பாகுபாடு இன்னும் புகழ்பெற்றது. தன் பண்பாட்டை வைத்துக்கொள்கிறானா, வந்த நாட்டோடு கலக்கிறானா என்று இரண்டே கேள்வி கேட்டு, குடியேறிகளை நான்காகப் பிரித்தார்: கரைந்தவன், ஒதுங்கியவன், இரண்டையும் இணைத்தவன், இரண்டிலும் இல்லாதவன். நல்ல பாகுபாடு. ஆனால் கொரட்டூரிலிருந்து போன ஒரே ஆள் ஒரே வாரத்தில் நான்குமாக இருக்கிறான். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் பேஸ்பால் பேசுகிறான்; அன்று கரைந்தவன். அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறான், ஒதுங்கியவன். சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே சக அப்பாக்களோடு காபி குடிக்கிறான், இணைத்தவன். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, அம்பத்தூரில் மனை விலை என்ன என்று போனில் பார்க்கிறான். வாங்கப் போவதில்லை, விற்கவும் இல்லை, சும்மா பார்க்கிறான். இரண்டிலும் இல்லாதவன் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பெரிக்குக் கிடைத்திருக்காது.

பழகிவிட்டானா இல்லையா என்பதைக் கண்டறிய யாம் வகுத்த சோதனை எளியது: பெருக்கல் சோதனை. புதிதாகப் போனவன் எதைப் பார்த்தாலும் ரூபாயாகப் பெருக்குவான். ஐந்து டாலர் காபி 400 ரூபாய்க்கு மேல். முடிவெட்ட 25 டாலர், அம்பத்தூர் ஓ.டி. சலூனில் அதைக் கொண்டு ஓராண்டு வெட்டிக்கொள்ளலாம். பெருக்கம் குறையக் குறையப் பழக்கம் கூடும். பெருக்கல் அடியோடு நின்றுவிட்டால் அவன் குடியேறிவிட்டான் என்க. சிலருக்கு அதன்பின் ஒரு மறுநோய் வரும். ஊருக்கு லீவில் வந்து ஆட்டோவுக்கு 200 ரூபாய் கேட்டால் மனத்துக்குள் வகுத்து, "ரெண்டரை டாலர்கூட இல்லையே" என்று கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மனவேதனை இல்லை.

அச்சம் நான்கு இடத்திலிருந்து வரும் என்பது பழைய கணக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். அயல்நாட்டில் அணங்கு இல்லை. அமாவாசைக்குக்கூட எதிர்வீட்டில் விளக்கெரிகிறது. விலங்கு, மேற்சொன்ன மான். கள்வர் சில ஊர்களில் உண்டு. மீதி அச்சம் முழுவதும் அரசனிடமிருந்தே வருகிறது. வேலை போனால் எச்-1பி காரனுக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். வேலைவழி பச்சை அட்டை ஆண்டுக்கு 1,40,000 அளவில்தான். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. வரிசையில் நிற்பவனுக்கு ஆண்டுகள் பத்துக்கணக்கில் ஓடுகின்றன. வீடு வாங்குவதா, பிள்ளையை எந்த ஊரில் சேர்ப்பது, அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் போய்வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. அம்பத்தூரில் மனை வாங்கிவிட்டுப் பட்டாவுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்த அப்பாவுக்கு இது மட்டும் விளக்காமலே புரிகிறது.

இனி எச்-4. ஊரில் எஸ்டேட் பக்கத்து ஐ.டி. பார்க்கில் நான்கு பேருக்கு லீடாக இருந்த பெண், கல்யாணமாகி டல்லாஸ் போகிறாள். அவள் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. கணவனின் பச்சை அட்டை மனு குறிப்பிட்ட கட்டம் தாண்டினால் அனுமதி கேட்கலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. அந்தக் கட்டம் வருவதற்குள் சில பொங்கல் போய்விடும். அழுகைக்குரிய காரணங்களில் ஒன்றாக, இருந்த நிலையிலிருந்து இறங்கிப்போவதைத் தொல்காப்பியம் சொல்கிறது. பேராசிரியர் என்னும் உரைகாரர் அதற்கு உரை எழுதியபோது இவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எடுத்துக்காட்டுக்குச் சங்கப்பாட்டு தேடியிருக்க மாட்டார்.

முதல் வாரம் அவள் கடுகு தாளித்தபோது கூரையில் இருந்த வெள்ளை வட்டம் ஊளையிட்டது. அது புகை அலாரம் என்று அவளுக்குத் தெரியாது. கணவன் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தான். அவள் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினாள், ஜன்னலைத் திறந்தாள், பக்கத்து அபார்ட்மென்ட்காரர் கதவைத் தட்டிவிட்டு "ஓகேவா?" என்று கேட்டுப்போனார். பிறகு அவள் ஒரு முறை கண்டுபிடித்தாள். கடுகு போடுமுன் அலாரத்துக்கு ஒரு ஷவர் கேப் மாட்டிவிட வேண்டும், தாளித்ததும் எடுத்துவிட வேண்டும். இது விதிமீறல், செய்யாத வீடு குறைவு. நான்கு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்த மூளை ஷவர் கேப்பை மாட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. "என்னம்மா பண்றே பகல் பூரா?" என்று மாமியார் போனில் கேட்டால் என்ன சொல்வாள்? "பொழுது போகுது அத்தே" என்பாள்.

எல்லோரும் அமெரிக்கா போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலப்பெயர்ச்சிக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம். தனிநாடாக முதலிடம் சிங்கப்பூருக்கு, அதன் பின்னால் வளைகுடா நாடுகள். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, எஸ்டேட்டில் கைபழகி, ஏஜென்டுக்குக் கடன்வாங்கிக் கட்டி அபுதாபி போனவனுக்குத் தேனிலவுக் கட்டம் கிடையாது. குடும்பத்தைக் கூட்டிப்போகச் சம்பளம் போதாது. தங்குமிடத்தில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. இரண்டாண்டுக்கு ஒரு லீவு. அவன் மனத்தைப் பற்றி நூல்கள் குறைவாகப் பேசுகின்றன. அவன் மகளுக்கு மூன்று வயதாகும்போது வந்து தூக்கினால் அவள் "அங்கிள்" என்று அழுவாள் என்பதை எந்த வரைபடத்திலும் காட்ட முடிவதில்லை. அமெரிக்கா போனவன் பெட்டியில் ஊரைக் கொண்டுபோகிறான். இவன் பெட்டியில் சென்ட்டும் டாங் பொடியும் போர்வையும் ஊருக்கு வருகின்றன. பெட்டியின் திசையை வைத்தே வர்க்கத்தைச் சொல்லிவிடலாம்.

வகைக்குள் அடங்காதோர்

இங்கே நூல் சற்றே நிற்க வேண்டும். இந்த நிலத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. 1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து அலையலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். எம் நூலெல்லையின் வடக்கில் புழல் காவாங்கரையிலும், அதற்கும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் முகாம்கள் இருக்கின்றன. பூந்தமல்லியில் சிறப்பு முகாம் என்ற பெயரில் பூட்டிய முகாம் ஒன்றும் இருந்தது. 2021-ல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அந்த முகாம்களிலேயே பிறந்து, இங்கத்துப் பள்ளியில் படித்து, இங்கத்துத் தமிழ் பேசி, கல்யாணமும் செய்துகொண்ட பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் வைக்கவில்லை.

ஓபர்க்கின் நான்கு கட்டமும் பெரியின் நான்கு வகையும், கிளம்புகிறவன் தானாகக் கிளம்பினான், போன இடம் என்றாவது ஒருநாள் அவனை ஏற்கும் என்ற இரண்டு நம்பிக்கைகளின்மேல் நிற்கின்றன. முகாமில் இரண்டும் இல்லை. பச்சை அட்டைக்குக் காத்திருப்பவனுக்கு வரிசை எண்ணாவது இருக்கிறது. இவர்கள் நாற்பதாண்டுகளுக்கு மேலாக எந்த வரிசையிலும் இல்லாமல் காத்திருக்கிறார்கள். எட்டு மெய்ப்பாட்டில் இவர்களை எதில் வைப்பது என்று யாம் தேடிப் பார்த்து விட்டுவிட்டோம். வகைபிரிப்பதே ஒரு விளையாட்டு. அதை இவர்களிடம் ஆட முடியவில்லை.

திரும்பியோர்

சுருங்கச் சொல்லலாம். திரும்பி வருகிறவனுக்கு இரண்டாவது முறை அதிர்ச்சி வரும் என்று 1963-லேயே கல்லஹார்ன் தம்பதியர் எழுதிவிட்டார்கள். குறிகள்: அம்பத்தூர் ஓ.டி.யில் சாலையைக் கடக்க நின்று, வண்டிகள் நிற்கும் என்று எதிர்பார்த்தல். பஸ் கண்டக்டருக்கு நன்றி சொல்லுதல். கோயில் வரிசையில் முன்னால் இருப்பவருக்கு மூன்றடி இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் நான்கு பேர் புகக் கண்டு வருந்துதல். ஆலை மூடிப் பல ஆண்டாகியும் "டன்லப்" என்றே ஸ்டாப்பைக் கேட்பவனை உள்ளூர் என்றும், போனில் மேப்பைப் பார்ப்பவனைத் திரும்பியோன் என்றும் அறிக. ஆறு மாதத்தில் சரியாகும். பிள்ளைகளுக்குச் சரியாகாது, அவர்கள் திரும்பி வரவில்லை, முதன்முறையாகக் குடியேறியிருக்கிறார்கள்.

இருப்போர் இயல்

போகாதவருக்கும் மனநோவு உண்டு என்பதை மேல்நாட்டு நூல்களில் தேடினால், குடியேற்றம் பற்றிய அலமாரியில் கிடைப்பது அரிது. வேறு அலமாரியில் இருக்கிறது. 1970களில் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து, முடிவுதெரியாத இழப்பு என்ற ஒன்றை வகுத்தார். ஆள் இல்லை, மனத்தில் இருக்கிறான். செத்தான் என்று அழவும் முடியாது, இருக்கிறான் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. போர்வீரனையும் சாப்ட்வேர் இன்ஜினியரையும் ஒன்றாக வைக்கலாகாது என்று தடை எழுப்பலாம். அதற்கு விடை: அவன் தினமும் போன் செய்கிறான் என்பதொன்றே வேற்றுமை, அதுவும் சிக்கலைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை.

ஏனெனில் மெய்ப்பாடு என்பதே உடம்பில் தெரிவது. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆள் முழுதாக எதிரில் இருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் அம்பத்தூர் அப்பாக்கள் நெற்றி மட்டுமே தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பார்கள். சில சமயம் நெற்றியும் போய் மின்விசிறி மட்டும் சுற்றும். "அப்பா, போனைக் கீழே இறக்குங்க" என்று மகன் சொல்ல, அவர் தலையைக் கீழே இறக்குவார். நெற்றியில் நகையும் தெரியாது அழுகையும் தெரியாது. முழங்கால் வீக்கம் நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பக்கத்தில் மகனும் தோளுக்கு மேலேதான் தெரிகிறான், பின்னால் சுவர். இரண்டு பக்கமும் கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் மறைக்க வசதியாக அமைந்த கருவி இது.

மறைத்தலே இந்த வட்டாரப் பிரிவியலின் தலையாய விதி என்பது எம் துணிபு. எட்டு மெய்ப்பாட்டுக்கும் பொதுவாக இது ஒன்பதாவதாக நிற்கிறது. பேச்சின் கட்டமைப்பையே பாருங்கள். "சாப்டியா?" "சாப்டேம்மா. நீ?" "ஆச்சு. அங்க என்ன மணி?" சுவரில் கடிகாரம் இருக்கிறது, அவளுக்கு மணி தெரியும், இருந்தும் கேட்பாள். "குளிரா?" "இல்லம்மா." "இங்க நல்ல வெயில். இந்தா அப்பாகிட்ட பேசு." அப்பா: "ம். எல்லாம் நல்லாருக்கா? சரி, அம்மாகிட்ட தர்றேன்." இதில் ஒரு பொய்யும் இல்லை, ஓர் உண்மையும் இல்லை.

எமக்குத் தெரிந்த ஒரு வீடு. நவம்பர் மாதம் கடிகாரத்தை மாற்ற ஸ்டூலில் ஏறிய அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட கையைத் திரைக்கு வெளியே வைத்துக்கொண்டு ஆறு வாரம் பேசினார். "அவன் ஏற்கெனவே டென்ஷன்ல இருக்கான், சொல்லாதீங்க" என்று கணவரிடம் சொல்லிவைத்தார். டென்ஷன் என்று எப்படித் தெரியும்? குரலில் தெரிந்தது. மகனுக்கு அந்த மாதம் வேலை போயிருந்தது. 60 நாளில் முப்பத்தைந்து போய்விட்டது. அவனும் மனைவியிடம், "அம்மாவுக்கு பி.பி. இருக்கு, சொல்லாதே" என்று சொல்லிவைத்திருந்தான். இருவரும் தினமும் பேசினார்கள். இருவரும் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் எதிர்வீட்டுப் பெண் ஒரு கல்யாணப் போட்டோவை வாட்ஸப்பில் போட, அதில் அம்மா கையில் கட்டோடு வரிசையில் மூன்றாவதாக நின்றார். மகனுக்கு உண்மை தெரிந்தது. அவன் கோபத்தில் கத்தியபோது தன் உண்மையும் வாய் தவறி வந்துவிட்டது. இந்தக் காண்டத்தில் வெகுளிக்கு யாம் காணும் ஒரே நற்பயன் இதுவே.

பெற்றோர் அங்கே போய் இருந்துவிட்டால் தீருமே எனின், தீராது. பி-2 விசாவில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். ஆவடி தொழிற்சாலையில் முப்பது ஆண்டு ஆட்களை அதட்டி வேலைவாங்கிய ஃபோர்மேன், டெக்சாஸில் மகன் வீட்டுத் தபால்பெட்டி வரை நடந்துபோய்த் திரும்புவார். கார் ஓட்டத் தெரியாது. நடந்தால் கடை இல்லை, கடை இருந்தால் நடைபாதை இல்லை. பல் வலித்தால் வெளியே சொல்ல மாட்டார், பில் எவ்வளவு வரும் என்று ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டிருப்பார். மூப்பும் பிணியும் இளிவரலுக்குக் காரணம் என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். ஐந்தாம் மாதம், "ஊர்ல வீட்டைப் பூட்டிட்டு வந்தோம், கரையான் பிடிச்சிருக்கும்" என்று தொடங்குவார். கரையான் ஒரு குறிப்புச் சொல் என்பது மருமகளுக்குப் புரியும். அவள் டிக்கெட் பார்ப்பாள்.

இவ்வளவும் விளையாட்டாகச் சொன்னோம். அடியில் இருப்பது விளையாட்டல்ல. 1932-லேயே ஓடகோர் என்ற நார்வே மருத்துவர், மினசோட்டாவுக்குக் குடியேறிய நார்வேக்காரர்களுக்கு ஊரிலேயே இருந்தவர்களைவிட மனச்சிதைவு நோய் அதிகம் என்று கணக்கெடுத்துக் காட்டினார். தூக்கம் போனது, சாப்பாடு இறங்காதது, யாரோ பேசுவதுபோல் கேட்பது இவையெல்லாம் "ஊர் நினைப்பு" என்று சொல்லித் தள்ளிவைக்கக்கூடியவை அல்ல. யாம் வீறாப்பாக எல்லைக்கு வெளியே தள்ளிய அண்ணா நகரில்தான் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் இருக்கிறது. பாடி மேம்பாலத்தைத் தாண்டினால் போதும். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் எல்லையைத் தளர்த்துகிறோம்.

இருப்போரில் எவருக்கேனும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவை அது. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அங்கே என்ன மணி என்று கேட்க வேண்டியதில்லை. மகனிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.